முதல் கிற்றார் வாங்குவது எப்படி: வன்னி வெயிலையும் மாரியையும் அறிந்தவர்களுக்கு

என் முதல் கிற்றாரைக் கொன்றது நான்தான். பக்கத்து வீட்டு அண்ணை வெளிநாடு போகும்போது விட்டுப்போன நைலோன் கம்பிக் கிற்றார் அது. மாதா கோயில் பாடகர் குழுவில் ஒருவர் வாசித்த இரும்புக் கம்பிக் கிற்றாரின் கணீரென்ற சத்தம் எனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டு, நைலோனைக் கழற்றிவிட்டு இரும்புக் கம்பி பூட்டினேன். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் தகரக் கூரை வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, டமார் என்றொரு சத்தம். கம்பிகளின் அடியைப் பிடித்து நிற்கிற மரத்துண்டு, அதாவது பிறிட்ஜ், முன்பலகையின் தோலையும் உரித்துக்கொண்டு கழன்று தொங்கியது.

போன மாதம் என் அக்காவின் மகன் வந்து, "மாமா, எனக்கு ஒரு கிற்றார் எடுக்கவேணும், கூட வாறீங்களோ?" என்று கேட்டபோது அந்த டமார்தான் முதலில் காதில் விழுந்தது. அவனுக்குச் சொன்னதையும் கடையில் இருவரும் செய்ததையும் அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: நைலோனா, இரும்பா?

கடைக்குப் போகமுன் தீர்க்கவேண்டிய ஒரே கேள்வி இது. நிறம், கொம்பனி, விலை எல்லாம் பிறகு.

நைலோன் கம்பிக் கிற்றாரின் கழுத்து அகலம். தலைப் பக்கத்தில் சுமார் 52 மில்லிமீற்றர். கம்பி விரலுக்கு மெது, சத்தம் உருண்டையாக வரும். ஒவ்வொரு சுரமாக மீட்டி வாசிக்க விரும்புபவர்களுக்கும் விரல் நோவுக்குப் பயந்தவர்களுக்கும் இது பொருந்தும். இரும்புக் கம்பிக் கிற்றாரின் கழுத்து ஒடுக்கம். சுமார் 43 மில்லிமீற்றர். கோட் பிடித்து, அதாவது பல சுரங்களை ஒன்றாகப் பிடித்து, அடித்து வாசிக்க, பத்துப் பேர் பாடும்போது அந்தச் சத்தத்துக்கு மேலால் கேட்க, இதுதான் வேண்டும். வன்னியில் கிற்றார் அதிகம் கேட்கிற இடங்கள் கோயில் பாடகர் குழுவும் பாடசாலை மேடையும்தான் என்பதால் பெரும்பாலானவர்கள் இரும்பில்தான் வந்து நிற்பார்கள். முதல் மூன்று கிழமை விரல் நுனி எரியும். பிறகு தோல் தடித்துவிடும்.

இரண்டும் வெவ்வேறு சாமான் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். ஏறக்குறைய ஒன்றரை மூட்டை சீமெந்து. நைலோன் கம்பிகளின் இழுவை சுமார் 40 கிலோதான். போன் வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்துப் பாருங்கள். இரும்புக் கிற்றாரின் முன்பலகைக்கு உட்பக்கம் இரண்டு சட்டங்கள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே ஒட்டியிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மார்ட்டின் கொம்பனி வளர்த்தெடுத்த முறை அது. நைலோன் கிற்றாரில் பெரும்பாலும் விசிறி மடிப்புப்போல மெல்லிய சட்டங்கள். அந்த அமைப்பைச் சீர்படுத்தியவர் ஸ்பெயின் நாட்டு அன்ரோனியோ தே தோரெஸ். அவருடைய காலத்தில் நைலோனே இல்லை, ஆட்டுக் குடலை முறுக்கித்தான் கம்பி செய்தார்கள். நைலோன் வந்தது 1940களில். ஆட்டுக் குடலுக்கு வகுத்த விசிறிமேல் சீமெந்து மூட்டையை ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

படி 2: மரத்தைப் பற்றி ஒரு தச்சன் கணக்கு

எங்கள் பக்கத்தில் மரம் தெரியாத ஆள் குறைவு. தூணுக்குப் பாலை, கதவு நிலைக்கு முதிரை என்று சின்னப் பொடியனும் சொல்வான். கிற்றாரின் முன்பலகைக்கு அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அது தூண்போல நிற்கத் தேவையில்லை, பறைத்தோல்போல அதிரவேண்டும். பாரம் குறைவாகவும் விறைப்பாகவும் இருக்கவேண்டும். அதனால்தான் ஸ்புரூஸ், சீடர் போன்ற குளிர்நாட்டு மரங்களை மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவாகச் சீவிப் போடுகிறார்கள். கைவிரல் ஓடும் பலகைக்குத்தான் எங்கள் கருங்காலிபோன்ற இறுகிய மரம்.

முன்பலகை இரண்டு வகை. ஒன்று முழுமரம். மற்றது மெல்லிய தகடுகளை ஒட்டிய பிளைவூட். முழுமரம் வாங்கினால் காலம் போகப்போகச் சத்தம் கனியும் என்று இணையத்தில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அவர்களில் பலர் குளிரூட்டிய அறையில் இருந்து எழுதுகிறார்கள். கிற்றாருக்கு உவப்பான காற்று ஈரப்பதன் 45 முதல் 55 சதவீதம் வரை. எங்களுக்குச் சித்திரை வெயிலும் சோளகக் காற்றும் ஒரு பக்கம், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை துணியே காயாத மாரி மறுபக்கம். முழுமரப் பலகை மாரியில் ஈரம் குடித்துப் பொம்மும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். பிளைவூட்டில் தகடுகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடுவதால் அசைவு மிகக் குறைவு.

அதனால் என் தீர்ப்பு: முதல் கிற்றார் பிளைவூட்டாகவே இருக்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு, இரும்பில் யமஹா எஃப்310, நைலோனில் யமஹா சி40 இரண்டும் இந்த வகைதான். கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த முழுமரக் கிற்றார் உங்களிடம் இருந்தால் கொடுத்துவைத்தவர், ஆனால் அதைப் பிள்ளைபோலப் பார்க்கவேண்டும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. கடைகளில் அதிகம் தொங்குகிற அகன்ற இடுப்புள்ள பெரிய உடலுக்கு ட்ரெட்நோட் என்று பெயர். 1906இல் வந்த பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரை அதற்கு வைத்தார்கள். பத்து வயதுப் பிள்ளையின் மடியில் அது கப்பலாகவேதான் இருக்கும். பிள்ளைகளுக்கு முக்கால் அளவு கேளுங்கள்.

படி 3: காசை ஐந்து பங்காக்குங்கள்

நான்கு பங்கு கிற்றாருக்கு. ஒரு பங்கு பை, சுருதி பார்க்கிற ரியூனர், கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கவ்வியான கேப்போ, மேலதிகக் கம்பிக் கட்டு ஒன்று ஆகியவற்றுக்கு. கையில் இருந்த முழுக் காசையும் கிற்றாரில் போட்டுவிட்டு, ஒரு கம்பி அறுந்ததும் யாழ்ப்பாணம் போகும் ஆளைத் தேடித் திரிந்த பொடியன்கள் நிறையப் பேரைத் தெரியும். போர்க்காலத் தடையால் பற்றறிகூட வன்னிக்குள் வராத காலத்தில் அறுந்த கம்பியை முடிச்சுப்போட்டு வாசித்தோம். இப்போது அந்தப் பாடு தேவையில்லை.

படி 4: கடையில் அரை மணித்தியாலம்

பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்று, ஒரு துண்டுக் கடதாசி, ரியூனர் இறக்கிய போன். இவ்வளவும் சட்டைப் பையில் இருக்கட்டும். என் மருமகன் கடைக்குள் போனவுடனே பளபளத்த ஒரு நீலக் கிற்றாரில் கையை வைத்து, "மாமா, இதை எடுப்பமோ?" என்றான். "கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு அடிமட்டத்தை எடுத்தேன்.

முதலில் கழுத்து. தலைப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி, பலகை நேரா என்று தச்சன் பார்ப்பதுபோலப் பாருங்கள். மிக மெல்லிய உட்குழிவு இருக்கலாம். பாம்புபோல நெளிந்தாலோ ஒரு பக்கம் முறுகியிருந்தாலோ கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது உயரம், எல்லாவற்றிலும் முக்கியமானது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் பிரெற். 12ஆவது பிரெற்றில் கம்பிக்கும் பிரெற் உலோகத்துக்கும் இடையே அடிமட்டத்தை நிறுத்துங்கள். இரும்பென்றால் தடித்த கம்பியில் இரண்டரை மில்லிமீற்றர், மெல்லியதில் இரண்டு. நைலோனில் நான்கும் மூன்றும். நீலக் கிற்றாரில் நாலரை இருந்தது, அதுவும் இரும்புக் கம்பி. புதிதாகப் பழகுபவர்களில் எத்தனையோ பேர் "எனக்குக் கை வராது" என்று விட்டுவிட்டுப் போவது இந்த இரண்டு மில்லிமீற்றரால்தான். பிழை அவர்களின் கையில் இல்லை. கடையில் யாராவது சரிசெய்து தருவார்களா என்று கேளுங்கள். பிறிட்ஜில் கம்பி ஏறி நிற்கிற வெள்ளைத் துண்டின் அடியைத் தேய்த்தால் பெரும்பாலும் இறங்கும். கழுத்துக்குள் இருக்கிற இரும்புக் கோலைத் திருகுகிற வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு பிரெற்றிலும் அழுத்தித் தட்டுங்கள். ஆமாம், எல்லாவற்றிலும். கடைக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும். எங்காவது வண்டு இரைந்ததுபோலச் சத்தம் வந்தால் அதற்கு அடுத்த பிரெற் எழும்பியிருக்கலாம். உள்ளங்கையைக் கழுத்தின் ஓரத்தால் வழித்துப் பாருங்கள். பிரெற் முனைகள் கீறக்கூடாது.

நான்காவது, சுருதி. 12ஆவது பிரெற் உலோகத்துக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டபடி மீட்டி, உடனே விரலை எடுத்தால் மணிபோல ஒரு சுரம் வரும். பிறகு அதே பிரெற்றை அழுத்தி மீட்டுங்கள். இரண்டையும் ரியூனரில் பாருங்கள். ஊசி ஒரே இடத்தில் நிற்கவேண்டும். அழுத்தியது கண்ணுக்குத் தெரிய மேலே போனால், அந்தக் கிற்றார் தலையில் சுருதி சேர்ந்தும் இடுப்பில் அபசுரமாகவே பாடும்.

ஐந்தாவது, கடதாசி. பிறிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். கடதாசி உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. நான் பட்டது போதும், நீங்கள் படவேண்டாம். பழைய கிற்றார் வாங்குபவர்களுக்கு இது கட்டாயம்.

இவ்வளவும் தேறியவை இரண்டோ மூன்றோ மிஞ்சும். இனித்தான் காது. கூட வந்தவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஆறடி தள்ளி முன்னால் நில்லுங்கள். கிற்றாரின் சத்தம் முன்னோக்கித்தான் போகிறது, மடியில் வைத்திருப்பவர் பாதியைத்தான் கேட்கிறார். கண்ணை மூடுங்கள். ஏ கம்பியை, அதாவது தடித்ததிலிருந்து இரண்டாவதை, வெறுங்கம்பியாக ஒருமுறை மீட்டச் சொல்லி, சத்தம் அடங்கும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். எதில் நீளமாக நிற்கிறது? கோட் அடிக்கும்போது தடித்த கம்பிகள் மெல்லியவற்றை விழுங்குகின்றனவா, ஆறும் தனித்தனியே கேட்கின்றனவா? மருமகன் கண்ணை மூடியிருந்தபோது கைகாட்டியது மூலையில் தூசி படிந்து தொங்கிய, நிறம் பூசாத ஒன்றை. கண்ணைத் திறந்ததும் அவன் முகம் கொஞ்சம் வாடியது உண்மை.

படி 5: எலெக்ரிக் பற்றிக் கொஞ்சம்

இசைக்குழுவில் சேரும் எண்ணம் இல்லாவிட்டால் இதைத் தாண்டிப் போங்கள். எலெக்ரிக் வாங்கினால் அம்பிளிபயரும் வாங்கவேண்டும். வீட்டுக்கு 10 அல்லது 15 வோற்ஸ் தாராளம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது பிக்கப். அதில் ஒற்றைச் சுருள் உள்ளவை எங்கள் 50 ஹேர்ட்ஸ் கரண்டின் இரைச்சலையும் சேர்த்துப் பாடும். இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து அந்த இரைச்சலை அடக்கியவர் கிப்சன் கொம்பனியின் செத் லவர், 1955இல். திருவிழா மேடையில் ஜெனரேற்றரில் வாசிக்கும் எண்ணமிருந்தால் இரட்டைச் சுருளே நல்லது. எர்த் இல்லாத பிளக்கில் கொழுவவே வேண்டாம். பெடல்கள் எதையும் இப்போது வாங்காதீர்கள்.

சாதாரண கிற்றாரிலேயே பிக்கப் பூட்டியவையும் உண்டு, உள்ளே பெரும்பாலும் 9 வோல்ற் பற்றறி. வயரைக் குத்தியிருந்தாலே பற்றறி ஓடும். வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றுங்கள்.

படி 6: சின்னச் சாமான்கள்

தலையில் கவ்வுகிற ரியூனர் வாங்குங்கள். பாடகர் குழுவின் சத்தத்துக்குள் போன் ரியூனர் குழம்பும், கவ்வுகிறது மரத்தின் அதிர்வைப் பிடிக்கும். தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. எப்போதும் கீழிருந்து மேலே முறுக்கிச் சுருதிக்கு வாருங்கள். தாண்டிப்போனால் நன்றாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள்.

கேப்போ ஏன் என்றால், பாடுகிற ஆளின் கட்டைக்காக. ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி என்று ஆர்மோனியக்காரர் சொல்லித் தந்திருப்பார். நான்கு கட்டையில் பாடுபவருக்கு எஃப் கோட் பிடிக்க விரல் ஒடியும். மூன்றாவது பிரெற்றில் கேப்போவைப் போட்டு டி வடிவத்தைப் பிடியுங்கள், வருவது எஃப். ஐந்தரைக் கட்டை என்றால் முதல் பிரெற்றில் கேப்போ, ஜி வடிவம்.

கம்பி வாங்கும்போது கட்டில் 10 அல்லது 11 என்று தொடங்கும் மெல்லிய இரும்புக் கம்பி கேளுங்கள். முல்லைத்தீவுக் கரைப் பக்கம் இருப்பவர்கள் வாசித்து முடிந்ததும் கம்பியைத் துணியால் துடைக்காவிட்டால், உப்புக் காற்று கெதியில் கறளாக்கிவிடும்.

படி 7: வீட்டுக்குக் கொண்டுபோவதும் வைப்பதும்

தகரக் கூரைக்கு நேர் கீழே தொங்கவிடாதீர்கள். மத்தியான வெயிலில் வாகனத்துக்குள் பூட்டிவைக்கவும் வேண்டாம், சூட்டில் பசை இளகும். மாரியில் ஈரச் சுவரில் சாய்க்காமல் பைக்குள் வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொதிகளை எறியாமல் பைக்குள் போடுங்கள். மண் நிலத்திலோ சீமெந்து நிலத்திலோ பையை நேராக வைக்கவே கூடாது. கிற்றாருக்கு வெயில் ஒரு எதிரி, மழை ஒரு எதிரி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கறையானைப் பற்றி எந்த வெள்ளைக்காரனும் எழுதி நான் பார்க்கவில்லை. கதிரையிலோ மேசையிலோ வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ பஸ்ஸில் வருவதென்றால், ஏறமுன் ஆறு கம்பிகளையும் ஒரு சுற்று இளக்கிவிடுங்கள். பின்பெட்டிக்குள் போடவேண்டாம், எஞ்சினுக்கு மேலேயும் வேண்டாம். நாங்கள் ஏ9 வழியே பரந்தன் தாண்டி வரும்வரை அது மருமகனின் மடியில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சுருதி சேர்த்தோம். கால் மணித்தியாலத்தில் இறங்கிவிட்டது. திரும்பச் சேர்த்தோம், திரும்பவும் இறங்கியது. "மாமா, பழுதைத் தந்திட்டாங்களோ?" என்றான். புதுக் கம்பி இரண்டு மூன்று நாள் இழுபடும், அவ்வளவுதான். நாலாம் நாள் காலையில் போன் எடுத்து ஒன்றும் பேசாமல் ஜி கோட்டை ஒருமுறை அடித்துக் காட்டினான். பி கம்பி மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.