தேய்ந்த டாரட் சீட்டுக்கட்டைப் பழுதுபார்ப்பதும் பேணுவதும்

பலன் பார்க்கப் பயன்படும், பல ஆண்டுகளாகக் கையில் புழங்கிய டாரட் என்னும் படச் சீட்டுக்கட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கும் முன் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: அது மீண்டும் புதிதாகப் போவதில்லை. நாம் செய்யக்கூடியதெல்லாம், சேதம் மேலும் பரவாமல் தடுப்பதும், கட்டு தொடர்ந்து கலைப்பதற்கும் பலன் பார்ப்பதற்கும் ஏற்றதாக இருக்கும்படி செய்வதும்தான். இந்த எல்லையை மறந்து, புதிதாக்கும் ஆசையில் பசையும் மையும் வார்னிஷும் பூசப்பட்ட கட்டுகள், தானாகத் தேய்ந்த கட்டுகளைவிட விரைவாகவே பயனற்றுப்போகின்றன. ஆகவே இங்கே விளக்கப்படும் எல்லா வேலைகளுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. பின்னாளில் நீக்க முடியாத எந்த மாற்றத்தையும் வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

முதலில் கட்டிலுள்ள எழுபத்தெட்டுச் சீட்டுகளையும் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக, முன்புறமும் பின்புறமும் பார்க்க வேண்டும். ஓரங்கள் மென்மையாகியிருப்பதும், மேற்பரப்பின் பளபளப்பு மங்கியிருப்பதும், மூலைகள் சற்று வட்டமாகியிருப்பதும் வெறும் தேய்மானம். அவற்றைத் தொடவே தேவையில்லை. ஓரத்தில் தாளின் அடுக்குகள் பிரிவது, கிழிசல், பிசுபிசுப்பு, பூஞ்சை ஆகியவை விட்டுவிட்டால் வளரக்கூடிய சேதங்கள். இவ்விரண்டு வகையிலும் சேராத ஒன்றும் இருக்கிறது: ஒரே ஒரு சீட்டின் பின்புறத்தில் மட்டும் தெரியும் மடிப்போ கறையோ. சீட்டின் ஆயுளுக்கு அதனால் கேடில்லை. ஆனால் கவிழ்த்து வைத்தபோதே ‘இது கோபுரம் என்ற சீட்டு’ என்று கண் அறிந்துகொள்ளுமானால், கை தன்னையறியாமல் அதைத் தேர்ந்தெடுக்கும் அல்லது தவிர்க்கும். பலன் பார்ப்பவருக்கு மூலை மழுங்கிய முழுக் கட்டைவிட, அடையாளம் தெரியும் ஒற்றைச் சீட்டுதான் பெரிய சிக்கல் என்பது என் உறுதியான கருத்து.

பழுது பார்க்கும் முறை, சீட்டின் அமைப்பைப் பொறுத்தது. பெரும்பாலான சீட்டுகள் தாள் அடுக்குகளை ஒட்டிச் செய்த அட்டையில் அச்சிடப்பட்டு, மேலே ஏதேனும் ஒரு காப்புப் பூச்சைப் பெற்றவை. அந்தப் பூச்சு மெல்லிய பிளாஸ்டிக் படலமாக, அதாவது லேமினேஷனாக இருக்கலாம். நீர்மமாகப் பூசி உலரவிட்ட வார்னிஷாகவும் இருக்கலாம். சில கட்டுகளில் பூச்சே இருக்காது. படலம் ஒட்டப்பட்டதென்றால், தேய்ந்த ஓரத்தில் அது கண்ணாடித்தாள்போல் மெல்லிதாக எழும்பி நிற்கும். பூச்சு இல்லாத சீட்டு, விரல் எண்ணெயை உறிஞ்சி ஓரங்களில் கருத்துப்போகும். பல கட்டுகளில் பதிப்பகத்தின் விளம்பரச் சீட்டு ஒன்றோ இரண்டோ கூடுதலாக இருக்கும். அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். அதே தாள், அதே பூச்சு என்பதால், எந்தச் சோதனையையும் முதலில் அவற்றின்மேல் செய்து பார்க்கலாம்.

தூய்மைப்படுத்துதல்

உலர்ந்த முறையிலேயே தொடங்க வேண்டும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, நுண்ணிழைத் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி லேசாகத் துடைக்க வேண்டும். ஓரத்திலிருந்து உள்நோக்கித் துடைத்தால் பிரிந்த அடுக்கோ எழும்பிய படலமோ துணியில் மாட்டிக் கிழியும். பூச்சில்லாத சீட்டில் படிந்த அழுக்குக்கு வெள்ளை வினைல் அழிப்பானைப் பயன்படுத்தலாம். ஆனால் அச்சுமை இல்லாத வெள்ளை ஓரத்தில் மட்டும், மிக மெதுவாக. படலம் ஒட்டிய சீட்டாக இருந்தால், நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். ஓரங்களில் ஈரம் படக்கூடாது. அங்கே தாள் திறந்து கிடக்கிறது. ஆல்கஹால் கலந்த ஈரத்துடைப்பான்கள் வேண்டவே வேண்டாம்: அவை சில வார்னிஷ்களையும் மைகளையும் கரைத்துவிடும்.

கலைக்கும்போது சீட்டுகள் வழுக்காமல் ஒட்டிக்கொண்டால், சீட்டு வித்தைக்காரர்கள் பயன்படுத்தும் துத்தநாக ஸ்டீரேட் பொடி உதவும். அதை மிகக் குறைவாக எடுத்து, மூச்சில் இழுக்காதபடி முகமூடி அணிந்து தூவி, மீதியைத் துடைத்துவிட வேண்டும். ஆனால் அழுக்கை நீக்காமல் பொடி போட்டால் இரண்டும் கலந்து படிந்துவிடும்.

வளைவு, பிரிந்த அடுக்கு, கிழிசல்

தாளின் இழைகள் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும்போது விரிந்து, இழக்கும்போது சுருங்குகின்றன. சீட்டின் இரு பக்கமும் ஒரே அளவில் விரியாதபோது வளைவு ஏற்படுகிறது. கட்டு முழுவதும் ஒரே திசையில் வளைந்திருந்தால், அதைப் பல சிறு அடுக்குகளாகப் பிரித்து, வளைவின் புடைத்த பக்கம் மேலிருக்கும்படி சமதளத்தில் வைத்து, தடித்த புத்தகங்களைப் பாரமாக ஏற்றிச் சில நாட்கள் விட்டுவிடுவதே போதுமானது. இஸ்திரிப் பெட்டியோ வேறெந்தச் சூடோ கூடாது. பிளாஸ்டிக் படலம் சூட்டில் சுருங்கி, வளைவை நிரந்தரமாக்கும்.

அடுக்கு பிரிந்த ஓரத்துக்கு, காகிதப் பாதுகாப்பாளர்கள் நெடுங்காலமாக நம்பிவரும் கோதுமை ஸ்டார்ச் பசையே சிறந்தது. தேவைப்பட்டால் பின்னர் ஈரமூட்டி அதை நீக்கிவிடலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. கெட்டியாகக் காய்ச்சிய பசையை ஊசி முனையளவு எடுத்து, பிரிந்த அடுக்குகளுக்கிடையே செலுத்தி, வெளியே பிதுங்கியதை உடனே துடைத்து, இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து, ஓர் இரவு முழுவதும் பாரத்தின் கீழ் வைக்க வேண்டும். பசையின் அளவு கூடினால் ஈரமும் கூடும். ஈரம் கூடினால் அந்த இடம் புடைத்துக்கொள்ளும். சப்பிப்போன மூலையையும் இதே வழியில் உறுதியாக்கலாம்: இழைகளுக்குள் சிறிது பசையைச் செலுத்தி, விரலால் வடிவத்துக்குக் கொண்டுவந்து, அழுத்தி உலரவிட வேண்டும். ஆனால் எழும்பியிருப்பது பிளாஸ்டிக் படலமென்றால் ஸ்டார்ச் பசை அதைப் பிடிக்காது. அப்போது படலத்தைப் பிய்க்காமல், எழும்பிய துணுக்கை மட்டும் கூர்மையான சிறு கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். பிய்த்தால் மையும் சேர்ந்து வந்துவிடும்.

கிழிசலைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலும் அதன் இரு கரைகளும் செங்குத்தாக இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருப்பது தெரியும். அந்தச் சரிவில் பசை தடவி, படத்தின் கோடுகள் பொருந்துமாறு மூடி அழுத்தினால், கூடுதல் தாள் எதுவும் இல்லாமலே கிழிசல் பெரும்பாலும் கூடிவிடும். அதுவும் பிடிக்காவிட்டால் பின்புறத்தில் மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டலாம். ஆனால் அந்தச் சீட்டு இனிமேல் அடையாளம் தெரியும் சீட்டாகிவிடும் என்பதை ஏற்றுக்கொண்டே ஒட்ட வேண்டும். ஒட்டுநாடாவை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் பயன்படுத்தாதீர்கள். அதன் பசை காலப்போக்கில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிச்செல்லும்; நாடா உதிர்ந்த பின்னும் கறை நிற்கும்.

கருநிற ஓரமுள்ள கட்டுகளில் வெள்ளைத் தாள் வெளியே தெரிவது பலருக்கு உறுத்தலாக இருக்கிறது. வண்ணப் பென்சிலால் அதை மெல்லத் தீட்டலாம். கரைப்பான் கலந்த மார்க்கர் பேனாவின் மை, இழைகள் வழியே படத்துக்குள் பரவும் ஆபத்துண்டு. தேய்ந்த ஓரத்தை முழுவதுமாக வெட்டியெறிந்து மூலைகளை மீண்டும் வட்டமாக்கும் வழக்கமும் இருக்கிறது. அழகாக அமையக்கூடும், ஆயினும் அது மீட்க முடியாத வேலை, எழுபத்தெட்டிலும் ஒரே அளவு தவறாமல் வரவேண்டிய வேலை. நேசிக்கும் கட்டில் இதைச் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நீர் பட்டுவிட்டால்

இங்கே வேகம் முக்கியம். நனைந்த சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே உலர்ந்துவிட்டால், குறிப்பாகப் பளபளப்பான பூச்சுள்ளவை, பின்னர் படத்தோடு சேர்த்துத்தான் பிரியும். எனவே ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, மேற்பரப்பின் நீரைத் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மையொற்றுத் தாள்களுக்கிடையே அடுக்கி, லேசான பாரம் வைத்து, ஈரமான தாள்களை அடிக்கடி மாற்ற வேண்டும். வெயிலிலோ தலைமுடி உலர்த்தியின் முன்னோ வைத்தால் வளைந்துவிடும். 48 மணி நேரத்துக்குள் உலர்த்த வாய்ப்பில்லை என்றால், பூஞ்சை தொடங்குவதற்கு முன் காற்றுப்புகாத பையில் இட்டு உறையவைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பிரித்து உலர்த்தலாம். நனைந்த நூல்களைக் காக்க நூலகங்கள் பின்பற்றும் வழி இது. ஏற்கனவே பூஞ்சை படிந்த சீட்டுகளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, நன்றாக உலர்த்திய பின், திறந்த வெளியில் முகமூடியணிந்து தூரிகையால் நீக்க வேண்டும். கறை பெரும்பாலும் தங்கிவிடும்.

கலைக்கும் முறையும் வைக்கும் இடமும்

சேதத்தின் பெரும்பகுதி கலைக்கும் முறையிலிருந்தே வருகிறது. பொதுவாக 70 மி.மீ. அகலமும் 120 மி.மீ. உயரமும் கொண்ட டாரட் சீட்டு, 63-க்கு 88 மி.மீ. என்ற அளவுள்ள விளையாட்டுச் சீட்டைவிடப் பெரியது, கட்டும் தடிமனானது. இரு பாதிகளை வளைத்து ஒன்றுக்குள் ஒன்று சரியவிடும் முறை அதற்கு ஏற்றதன்று. கையில் எடுத்துச் சிறு சிறு தொகுதிகளாக மேலும் கீழும் மாற்றுவதோ, துணி விரித்த மேசைமேல் சீட்டுகளைப் பரப்பிக் கலப்பதோ போதும். தொடுவதற்கு முன் கைகளைக் கழுவி முழுவதும் உலர்த்துவதும், கைப்பூச்சு பூசிய உடனே தொடாதிருப்பதும், எந்தப் பழுதுவேலையையும்விட அதிகப் பயன் தரும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் உறை போடுவதாக இருந்தால் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்காலான உறைகளைத் தேர்ந்தெடுங்கள், பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் உறையிலுள்ள நெகிழ்வூட்டிகள் மெல்லக் கசிந்து மையோடு ஒட்டிக்கொள்ளும். பின்புறம் ஒளி ஊடுருவாத உறை கிடைக்குமானால், அடையாளம் தெரியும் சீட்டின் சிக்கலும் அதோடு தீர்ந்துவிடும். கட்டின் தடிமன் கூடுவதும், தாளின் தொடுவுணர்வு மறைவதும் இதன் இழப்புகள்.

கட்டில் தங்கிய பழைய தாக்கங்களைப் போக்குவதாக நம்பி, அதை ‘சுத்திகரிக்கும்’ சடங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றின் பொருளை மதிக்கும் ஒருவர், தாளுக்குத் தீங்கு செய்யாத வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். உப்புக்குள் புதைப்பது ஈரத்தைச் சீட்டுக்கு அருகே கொண்டுவரும். நறுமண எண்ணெய் கறைபடுத்தும். புகை படலமாகப் படியும். கூர்மையான படிகக்கல் பள்ளம் ஏற்படுத்தும். வெயிலில் வைத்தால் நிறம் மங்கும். அச்சு மைகளில் மஞ்சளும் சிவப்பும் பொதுவாக முதலில் வெளுத்துப்போகும். நிலவொளியில் வைக்க விரும்பினால், பனி இறங்காத இடத்தில் சன்னலுக்கு உள்ளே வையுங்கள். மற்ற நேரங்களில், ஒப்பு ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காட்டுக்குள் பெரிதும் ஏறி இறங்காத, இருண்ட, குளிர்ந்த இடமே ஏற்றது. 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறக்கும். மெருகிடாத மரப்பெட்டி அமிலத்தை வெளியிடும் என்பதால், கட்டைத் துணியில் சுற்றிய பிறகே அதில் வைக்க வேண்டும்.

ஒரு சீட்டு போய்விட்டால்

முதலில் பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தனிச் சீட்டு தருபவர்களும் இருக்கிறார்கள். அதே பதிப்பின் இன்னொரு கட்டை வாங்கி அதிலிருந்து எடுப்பதானால், அச்சுக்கு அச்சு நிறமும் தாளின் தடிமனும் மாறும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். விளம்பரச் சீட்டின் பின்புறம் மற்றவற்றைப் போலவே இருந்தால், அதன் முகத்தில் இழந்த சீட்டின் பெயரை எழுதியோ வரைந்தோ பயன்படுத்துவது நேர்த்தியான தீர்வு. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மிலான் நகர ஆட்சியாளர்களுக்காகக் கையால் தீட்டப்பட்ட விஸ்கொந்தி-ஸ்ஃபோர்ஸா டாரட் கட்டு ஒன்றில் இன்று 74 சீட்டுகளே எஞ்சியுள்ளன. சாத்தான், கோபுரம், வாள் மூன்று, நாணய வீரன் ஆகிய நான்கும் இல்லை. அதன் மறுபதிப்புகளுக்கு அந்த நான்கையும் இக்கால ஓவியர்கள் புதிதாக வரைந்து சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் வரைந்து சேர்ப்பதும் அதே வகைப் பணிதான்.

கட்டு நல்ல நிலையில் இருக்கும்போதே எல்லாச் சீட்டுகளையும் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து வைத்தால், பின்னர் சொந்தப் பயனுக்கு ஒரு மாற்றுச் சீட்டை அச்சிட உதவும். பதிப்பு விவரம் அச்சிட்ட அட்டைப்பெட்டி கிழிந்தாலும் அதை உட்புறத்தில் ஒட்டிச் சேமித்து வையுங்கள். எந்தச் சீட்டில் எந்தப் பசையால் எப்போது வேலை செய்தீர்கள் என்ற குறிப்பையும் அதனுள் இட்டுவிடுங்கள். அடுத்த முறை அதே ஓரம் பிரியும்போது முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.