நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவது எப்படி?

இரவு 10 முதல் காலை 6 வரை வேலை பார்ப்பவர்களுக்கான கணக்கு இது. உங்கள் ஷிஃப்ட் வேறென்றால் நேரத்தை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

1. கடைசி டீ இரவு 2 மணிக்குள்

டீ, காபியில் இருக்கும் கஃபைனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 4 மணிக்குக் கண் சொக்குகிறதே என்று ஸ்ட்ராங் காபி குடித்தால், 8 மணிக்குப் படுக்கும்போதும் அது வேலை செய்துகொண்டிருக்கும். இடைவேளை கிடைத்தால் 20 நிமிடம் கண்ணயருங்கள், அலாரம் வைத்து. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கம் பிடித்துக்கொள்ளும். எழுந்ததும் தலை பாரமாக இருக்கும்.

2. வீடு திரும்பும்போது

காலை வெளிச்சம், தூக்கத்தை வரவைக்கும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பை அடக்கித் தூக்கத்தைக் கலைக்கும். கம்பெனி பஸ்ஸில் வருபவர்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளலாம். பைக் ஓட்டுபவர்களுக்கு இந்த யோசனை வேண்டாம். ரொம்பச் சொக்கினால் வண்டியையே எடுக்காதீர்கள்.

3. அறை

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்கிரீன் துணி மட்டும் போதாது, ஓரமெல்லாம் வெளிச்சம் கசியும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் படுத்து, கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பாருங்கள். விரல்களை எண்ண முடிகிறதா? இன்னும் இருட்டு போதவில்லை. ஜன்னல் கண்ணாடியில் அலுமினியம் ஃபாயில் ஒட்டி, கதவடியில் பழைய டவலைச் சுருட்டி வையுங்கள். கிழக்குப் பார்த்த அறை காலையிலேயே சூடேறிவிடும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் மதியம் ஃபேன் அனலைத்தான் இறக்கும். வடக்குப் பக்க அறை இருந்தால் சண்டை போட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஏசி என்றால் 24 முதல் 26 டிகிரி போதும். காலிங் பெல்லை அணைத்துவிடுங்கள். குக்கர் விசிலை ஃபேன் சத்தம் ஓரளவு அமுக்கும்.

4. சாப்பாடு

இரண்டு மூன்று இட்லி போதும். பூரியை ஒரு கை பார்த்துவிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல். வெறும் வயிற்றோடு படுத்தால் 11 மணிக்கே பசி எழுப்பும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள், தானாக வேண்டாம்.

5. இரண்டு தவணைத் தூக்கம்

8 மணிக்குப் படுத்தால் மதியம் 1 மணிவாக்கில் விழிப்பு வந்துவிடும். உடல் கடிகாரத்துக்கு அது விழித்திருக்கும் நேரம், உங்கள் தப்பில்லை. புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்துவிடுங்கள். மாலை 6.30 முதல் 8.30 வரை மறுபடி படுங்கள். 5 மணியும் 2 மணியும் சேர்ந்து 7 மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது அவ்வளவு வேண்டும். எழுந்த மந்தம் தெளிய அரை மணி விட்டுக் கிளம்புங்கள்.

தூக்கம் வரட்டும் என்று மது குடிப்பவர்கள் உண்டு. சீக்கிரம் தூங்கிவிடலாம், ஆனால் பின்பாதித் தூக்கம் துண்டு துண்டாகிவிடும்.

6. லீவு நாள்

ஒரே நாள் லீவு என்றால் முழுதாக மாறாதீர்கள்: இரவு 3 மணிவாக்கில் படுத்து 11-க்கு எழுந்தால் மறுநாள் ஷிஃப்ட் உறுத்தாது. மூன்று நான்கு நாள் லீவு என்றால், கடைசி ஷிஃப்ட் முடிந்த காலை 8 முதல் 11 வரை மட்டும் தூங்கிவிட்டு, அன்றிரவே வழக்கம்போல் படுத்துவிடலாம்.

இத்தனையும் செய்து சில வாரம் ஆகியும் வேலையில் தூங்கி வழிகிறீர்களா, பலமான குறட்டையும் இருக்கிறதா? தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று டாக்டரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதற்கு இருட்டறை மருந்தாகாது.