லூனா அந்துப்பூச்சி: அன்பாக நினைத்துச் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் கோடை இரவுகளில், வாசல் விளக்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிர்பச்சை நிறத்தில் ஒரு பூச்சி அசையாமல் ஒட்டியிருக்கும். பின்னால் நீளமாக இரண்டு வால். அதுதான் லூனா. பசியில் சோர்ந்திருக்கிறது என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறார்கள். வேண்டாம், அதற்கு உண்ணும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஏறக்குறைய ஒரு வாரம் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு முடித்துவிடும். அந்தச் சில இரவுகளில் ஒன்றை நம் விளக்கு பறித்துவிடக் கூடாது. விளக்கை அணைத்துவிடுங்கள், அது போய்விடும்.

வால் பிய்ந்திருந்தால் பதற வேண்டியதில்லை. பறக்கும்போது சுழலும் அந்த வால், வௌவால் ஒலியெழுப்பி இரை தேடுவதைக் குழப்பும். வௌவால் வாலைக் கடிக்கும், பூச்சி தப்பிக்கும். 2015இல் வெளியான ஆய்வில், வால் வெட்டப்பட்ட லூனாக்களில் 100க்கு 81 சிக்கின. வால் உள்ளவற்றில் சுமார் 35தான்.

புழுவை வளர்ப்பவர்கள் இலையை மாற்றிவிடுகிறார்கள். வடக்கே பிர்ச், தெற்கே வால்நட், ஹிக்கரி, ஸ்வீட்கம் என்று ஊருக்கு ஊர் மரம் வேறுபடும். எந்த மரத்தில் எடுத்தீர்களோ அதே இலையைக் கடைசிவரை கொடுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது இலையுதிர்காலத் துப்புரவுதான். செக்ரோபியா என்ற இன்னொரு பெரிய அந்துப்பூச்சி, கூட்டைக் கிளையிலேயே இறுக்கிக் கட்டும். லூனா அப்படியில்லை. மெல்லிய காகிதம் போன்ற கூட்டை ஓர் இலைக்குள் சுற்றிக்கொள்ளும். அந்த இலை மற்ற சருகுகளோடு தரையில் கிடக்கும். குளிர்காலம் முழுவதும் கூட்டுப்புழு அதற்குள்தான் இருக்கிறது. சருகை வாரிப் பையில் கட்டினாலும், புல்வெட்டியால் பொடியாக்கினாலும் அதுவும் சேர்ந்து போய்விடும். மரத்தடிச் சருகையாவது கோடை தொடங்கும்வரை அப்படியே விடுங்கள்.

சரி, கூடு கையில் கிடைத்துவிட்டது, என்ன செய்வது? சூடேற்றிய வீட்டுக்குள் வைக்காதீர்கள். வெளியே பனி கொட்டும்போது அது தனியாக வெளிவந்துவிடும், துணைக்கு இன்னொன்று இருக்காது. சூடேற்றாத கொட்டகையில், எலி நுழையாத வலைக்கூண்டில் வையுங்கள். கண்ணாடி ஜாடி வேண்டாம். வெளிவந்ததும் சொரசொரப்பான எதிலாவது ஏறித் தொங்கினால்தான் சிறகு விரியும். வழுக்கி விழுந்தால் சிறகு மடங்கியபடியே இறுகிவிடும்.