கூட்டமாகத் தெரு ஸ்கேட்டிங்: வால் தாண்டும் வரை தலை காத்திருக்க வேண்டும்

நூறு பேர், மூன்று மூன்று பேராக, வரிசைக்கு வரிசை மூன்று மீட்டர் இடைவெளி விட்டு ஓட்டினால் கூட்டத்தின் நீளம் சுமார் 100 மீட்டர். மணிக்கு 12 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 3.3 மீட்டர். அதாவது, கூட்டத்தின் தலை ஒரு சந்திப்பில் நுழைந்ததிலிருந்து வால் வெளியே வர அரை நிமிடம் ஆகும். முந்நூறு பேர், நான்கு நான்காக என்றால் 225 மீட்டர். ஒரு நிமிடத்துக்கும் மேல். பச்சை சிக்னல் இவ்வளவு நேரம் நமக்காகக் காத்திருக்காது. ஆகவே இருபது, இருபத்தைந்து பேருக்குள் இருந்தால் எல்லாரையும் போல சிக்னலை மதித்து, சிவப்பில் நின்று, சேர்ந்து போய்விடலாம். அதற்கு மேல் போனால் சந்திப்பை மறித்து நிறுத்த ஆள் வேண்டும், நிறுத்துவதற்கு அனுமதியும் வேண்டும்.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். பல நாடுகளில் வாகனங்களை நிறுத்தும் அதிகாரம் போலீசுக்கு மட்டும்தான். மஞ்சள் அங்கி போட்ட தன்னார்வலர் கை காட்டினால் அது வேண்டுகோள்தான், உத்தரவு ஆகாது. ஸ்கேட்ஸ் கட்டியவர் சட்டப்படி பாதசாரியா, வாகனம் ஓட்டுபவரா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் பாதசாரிக் கணக்கு. பாரிஸ் வெள்ளிக்கிழமை இரவு ஓட்டத்தில் போலீஸ்காரர்களே ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டு கூட வந்ததுண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் அதைப் பார்த்து ஆசைப்படலாம், அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஊர் விதியை முதலில் படியுங்கள். பிறகு பாதை, நேரம், ஆள் எண்ணிக்கை, மார்ஷல் (கூட்டத்தை வழிநடத்தும் தன்னார்வலர்) எண்ணிக்கை நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

பாதை

வரைபடத்தில் கோடு போட்டுவிட்டு நேராக ஓட்டத்துக்குப் போவது பெரிய ஆபத்து. ஓட்டம் எந்தக் கிழமை, எந்த நேரமோ அதே கிழமை, அதே நேரத்தில் பாதை முழுவதையும் ஸ்கேட்ஸ் கட்டியே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். காரிலோ சைக்கிளிலோ போனால் தார் எவ்வளவு சொரசொரப்பு என்பது தெரியாது. 80 மி.மீ. சக்கரத்துக்கு அது நன்றாகவே தெரியும்.

பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் சரிவுக்கு. 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சாலை பெரிய இறக்கமாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் ஹீல் பிரேக்கின் (ஸ்கேட்டின் குதிகாலில் உள்ள ரப்பர் பிரேக்) பலத்தில் பாதியை அந்தச் சரிவே தின்றுவிடும். சமதளத்தில் 6 மீட்டரில் நிற்கிறவர் அங்கே நிற்க 12, 13 மீட்டர் ஆகும். புதியவரும் பழகியவரும் கலந்த கூட்டத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இறக்கத்தின் அடியில் சிக்னலோ, கூர்மையான திருப்பமோ, தண்டவாளமோ இருந்தால் அது எத்தனை அழகான சாலையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இறக்கம் முடிந்த பிறகு குறைந்தது ஐம்பது மீட்டராவது சமதளமோ சிறு ஏற்றமோ இருந்தால்தான் அந்த வழி சரி.

டிராம் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் குறுக்கே கடக்கும் இடங்கள் பரவாயில்லை. சாய்வாகக் கடக்க வேண்டிய இடத்தில் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும், ஆள் முன்னால் விழுவார். கல் பதித்த தெரு, வேகத்தடை, சாலையில் பதித்த இரும்பு மூடிகள் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். எதிர்வரும் வாகனங்களின் குறுக்கே போகாத திருப்பங்களாகப் பார்த்துப் பாதையைச் சுற்றிக் கொண்டுவந்தால் மார்ஷல்களின் பாதி வேலை மிச்சம்.

தூரம் 12 முதல் 15 கி.மீ. போதும். நடுவில் பத்து, பதினைந்து நிமிட ஓய்வு, அதற்குத் தெருவை விட்டு ஒதுங்கிய திறந்த வெளி. களைத்தவர் இறங்கிக்கொள்ள ரயில் நிலையமோ பேருந்து நிறுத்தமோ வழியில் இரண்டு இடத்திலாவது இருக்கட்டும். போக வழியில்லாமல் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற களைத்த ஆள்தான் கடைசி மூன்று கிலோமீட்டரில் விழுவார்.

யாரைச் சேர்ப்பது

வேகமாக ஓட்டத் தெரியுமா என்று கேட்காதீர்கள். எல்லாரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். புறப்படும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, 6 மீட்டர் தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். ஓட்டத்தின் வேகத்தில் (மணிக்கு 12 கி.மீ.) வந்து, முதல் கோட்டில் பிரேக் போட ஆரம்பித்து, இரண்டாவது கோட்டுக்குள் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். முடியாதவர் அன்றைக்கு வர வேண்டாம். முகத்துக்கு நேரே சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே பிரேக் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கேட்கும் என்பதையும் அந்தக் கோட்டருகே நின்றே சொல்லிவிடுங்கள்.

ஹீல் பிரேக் பிடிக்கவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: முழங்காலை விறைப்பாக வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, காலைப் பார்க்கிறார்கள். பிரேக் உள்ள காலை அரை ஷூ நீளம் முன்னால் தள்ளி, இரண்டு முழங்காலையும் மடக்கி, அந்தக் காலின் விரல் பக்கத்தைத் தூக்க வேண்டும். ரப்பர் தரையைத் தொட்டதும் நாற்காலியில் உட்காருவதுபோல இடுப்பை இறக்கினால் பிரேக் கடிக்கும். பின்னங்காலை இழுத்து நிறுத்தும் டி-ஸ்டாப் தெரிந்தாலும் போதும், அதற்கு அகலம் தேவையில்லை. பின்காலில் அளவுக்கு மேல் எடை போட்டால் மட்டும் உடம்பு சுழன்றுவிடும். கால்களை அகட்டி நிறுத்துவதற்கு ஒன்றரை மீட்டராவது அகலம் வேண்டும், நெரிசலில் பக்கத்தில் வருபவரின் காலில் இடிக்கும். காலைப் பக்கவாட்டில் வீசி நிறுத்தும் பவர்ஸ்லைடைக் கூட்டத்துக்குள் கண்டிப்பாகத் தடை செய்யுங்கள், செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

ஹெல்மெட்டும் ரிஸ்ட் கார்டும் இல்லாதவரைச் சேர்க்க வேண்டாம். விழும்போது கை தானாக முன்னே போகும், அதனால் மணிக்கட்டுதான் முதலில் அடிபடும். சைக்கிளுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் பொதுவான ஐரோப்பியத் தரம் ஈ.என். 1078. அந்த முத்திரை உள்ள ஹெல்மெட் போதும், ஆனால் ஒரு முறை பலமாக இடிபட்டால் மாற்றிவிட வேண்டும். இரவு என்றால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. சிவப்பை ஹெல்மெட்டின் பின்புறம் மாட்டுங்கள். இடுப்பில் மாட்டினால் குனிந்து ஓட்டும்போது வானத்தைப் பார்க்கும். இயர்போன் கூடாது.

புறப்படும் முன் சக்கரம்

தெருவுக்கு 80 மி.மீ., 85ஏ கடினம் (எண் கூடினால் சக்கரம் கடினம்) நல்ல நடுத்தரம். 100, 110 மி.மீ. சக்கரம் விரிசல்களை எளிதாகத் தாண்டும். ஆனால் உயரம் கூடுவதால் நிலைதடுமாறுவதும் கூடும், புதியவருக்கு வேண்டாம். நான்கு மூலையில் சக்கரம் உள்ள குவாட் ஸ்கேட்ஸ் கட்டுபவர்கள் 78ஏ அளவில் மென்மையான சக்கரம் போட்டால் பல்லெல்லாம் அதிராமல் வரலாம். சின்னச் சக்கரத்துக்குப் பொடிக்கல்லே போதும், நின்றுவிடும். இவர்களை ஓரத்துக்குத் தள்ளாமல் நடு வரிசையில் விடுங்கள், கல் சேர்வது ஓரத்தில்தான்.

ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஆக்சில் தளர்ந்திருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு 4 மி.மீ. ஆலன் சாவி பொருந்தும். இறுக்கியபின் சக்கரத்தைச் சுண்டிவிட்டால் தடையின்றிச் சுற்ற வேண்டும். உடனே நின்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள் அல்லது சக்கரத்தைச் சுழலவிடும் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவில் உள்ள ஸ்பேசர் என்ற சிறு குழாய் விட்டுப்போயிருக்கிறது.

மார்ஷல் கணக்கு

பத்து, பதினைந்து பேருக்கு ஒரு மார்ஷல் என்பது ஆரம்பக் கணக்கு. உண்மையான எண்ணிக்கையைச் சந்திப்புகள் முடிவு செய்யும். முன்னால் போகும் ஒரு ஜோடி சந்திப்பில் நின்று வாகனங்களை நிறுத்துகிறது. வால் கடந்ததும் அந்த ஜோடி பக்கவாட்டில் ஏறி மீண்டும் தலைக்குப் போக வேண்டும். அவர்கள் நிற்கும்போதே தலை 100 மீட்டர் போய்விட்டது. கூட்டத்தைவிட மணிக்கு 5 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓட்டினால் அந்த 100 மீட்டரை எட்டிப் பிடிக்க 72 நொடி ஆகும், அதற்குள் தலை இன்னும் 240 மீட்டர் போயிருக்கும். மொத்தம் 340 மீட்டர். சந்திப்புகள் 200 மீட்டருக்கு ஒன்று என்றால் இரண்டு ஜோடி வைத்து மூச்சு வாங்க ஓடலாம், மூன்று ஜோடி இருந்தால்தான் நிம்மதி. மார்ஷல்கள் முந்திப் போக எப்போதும் ஒரே பக்கம், அந்தப் பக்கம் ஒரு ஆள் அகலம் காலியாக இருக்க வேண்டும். இதைப் புறப்படும் முன் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாத நாளில் மார்ஷல்தான் மோதி விழுவார்.

மார்ஷல்களில் மிக அனுபவசாலியை எங்கே போடுவது? பலரும் தலையில் போடுகிறார்கள். வாலில் போடுங்கள். வாலில் வருபவரிடம் முதலுதவிப் பை, ஆலன் சாவி, வாக்கி-டாக்கி இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. விளக்கு எரியும் துணை வண்டி இருந்தால் அது மட்டும் பின்னால் வரட்டும்.

ஓட்டம்

தலை கொஞ்சம் வேகம் கூட்டினால் வாலில் இருப்பவர்கள் பாய்ந்து ஓட வேண்டியிருக்கும். தலை கொஞ்சம் மெதுவானால் வால் நின்றே போகும். கூட்டம் நீண்டும் சுருங்கியும் வருவதற்குக் காரணம், ஒவ்வொரு வரிசையும் முன் வரிசையைப் பார்த்து ஒரு நொடி தாமதமாகத்தான் எதையும் செய்கிறது. அந்தத் தாமதம் முப்பது வரிசைக்குச் சேர்ந்துகொண்டே போகிறது. இதற்கு மருந்து ஒன்றுதான். திருப்பமோ சந்திப்போ தாண்டியதும் தலை மணிக்கு 8 கி.மீ.க்கு இறங்கி, ‘வால் தாண்டியாச்சு’ என்று வாக்கி-டாக்கியில் குரல் வரும்வரை அப்படியே போக வேண்டும். தலையில் இருப்பவருக்கு இது எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும்.

சைகைகள் நான்கு போதும்: கையைத் தலைக்கு மேல் தூக்கினால் நிறுத்தம், உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டினால் மெதுவாக, கீழே சுட்டினால் குழி அல்லது மூடி, பக்கவாட்டில் நீட்டினால் திருப்பம். பார்த்தவர் தானும் செய்ய வேண்டும், கூடவே வாயாலும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது வரிசையோடு சைகை நின்றுவிடும். நிறுத்திய கார்களிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஓட்டுங்கள், கதவு திறக்கும் தூரம் அது. கூட்டத்துக்குள் கார் ஒன்று புகுந்துவிட்டால் வழிவிட்டு அனுப்பிவிடுங்கள். பானெட்டைத் தட்டுபவரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எல்லாரும் ஒரே பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதும் முன்பே பேசி வைத்ததாக இருக்கட்டும்.

விழுந்தால், நனைந்தால்

ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் நிற்காமல் இருபுறமும் பிரிந்து போக வேண்டும், நின்றால்தான் அடுத்தடுத்து விழுவார்கள். ஒரு மார்ஷல் விழுந்தவரிடம், இன்னொருவர் பத்து மீட்டர் பின்னால் விளக்கோடு. உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். பெயரைக் கேளுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். கை ஊன்றி விழுந்தவர் கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால், வீக்கமே இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள். அங்குள்ள சிறு எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். தலையில் அடிபட்டவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றாலும் அன்றைய ஓட்டம் அவருக்கு முடிந்தது, தனியாகவும் அனுப்பக் கூடாது.

தரை ஈரமாக இருந்தால் ரத்து செய்வதே நல்லது. புறப்பட இரண்டு மணி நேரம் முன்பே முடிவெடுத்து அறிவித்துவிடுங்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டால் பாதையைச் சுருக்கி, வேகத்தைப் பாதியாக்கி, இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். வெள்ளைக் கோட்டின் மேலும் இரும்பு மூடியின் மேலும் காலைத் தள்ளவோ பிரேக் போடவோ கூடாது, இரண்டு காலும் நேராக உருண்டு தாண்ட வேண்டும்.

வீடு திரும்பியதும் அன்றிரவே சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளை வெளியே எடுத்துத் துணியால் துடைத்துக் காயவையுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துருப்பிடித்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்துவிட்டு மாட்டுவது வீண், அது உள்ளே இருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும். காய்ந்தபின் ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒன்றிரண்டு சொட்டு பேரிங் எண்ணெய் விட்டு, விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் கேட்டால் அந்தப் பேரிங்கை மாற்றிவிடுங்கள்.