பழைய வீட்டில் ஆபீஸா? முற்றத்தை அடைக்காதீர்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பழைய ஓட்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து ஆபீஸ் வைப்பவர்கள், முதல் வேலையாக முற்றத்தின் மேல் தகர ஷீட் போட்டு அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சூடான காற்று மேலெழுந்து வெளியேறும் வழியே அதுதான். அடைத்துவிட்டால் சித்திரை வெயிலில், மதியத்துக்கு மேல் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலை கனக்கும், கணக்கில் தப்பு விழும். அவர்களைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. ஐப்பசி மழைக்குப் பயமென்றால், பால் நிற ஷீட்டை ஓட்டு விளிம்பிலிருந்து ஒரு அடி உயர்த்திப் போட்டு, சுற்றி இடைவெளியில் வலை அடியுங்கள். காற்றும் போகும், வெளிச்சமும் வரும், புறாவும் நுழையாது.

அப்புறம், கம்ப்யூட்டர் மேசை. ஜன்னல் முன்னாலும் வேண்டாம், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம். பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது நல்லது. வெயில் கண்ணாடிக்கு வருமுன்பே நின்றுவிடும்.

கொல்லையில் ஒரு வேப்பமரமோ தென்னையோ இருந்தால், அது கண்ணில் படுகிற மாதிரி ஆட்களை உட்கார வையுங்கள். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட அறுவை சிகிச்சைக்குப் பின் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் 1984-இலேயே எழுதியிருக்கிறார். நாள் முழுக்க ரசீது பார்க்கிற கண்ணுக்கும் அந்தப் பச்சை வேண்டும்.