அத்தியாயத்தின் அலங்கார முதலெழுத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

அத்தியாயத் தொடக்கத்தில் வைக்கும் அலங்கார எழுத்தைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாமல், பத்தி முழுவதையும் அச்சிட்டு, அந்தத் தாளில் வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏர்ஹார்ட் ராட்டோல்ட் 1482-இல் வெனிஸில் அச்சிட்ட யூக்ளிடின் வடிவியல் நூலில், கறுப்புத் தளத்தில் வெள்ளைக் கொடிகள் படர்ந்த மரச்செதுக்கு எழுத்துகள் அழகாகப் பொருந்துவதற்குக் காரணம், அருகிலுள்ள பாட எழுத்துகளும் அடர்த்தியாக இருப்பதுதான். மெல்லிய கோடுகள் கொண்ட எழுத்துருவுக்கு அருகில் அதே வகை எழுத்தை வைத்தால் பக்கம் ஒருபுறம் கனத்துவிடும். அங்கே கோட்டோவியமாக வரைந்த எழுத்தே நல்லது.

தமிழ் நூலுக்கு அலங்கார எழுத்துகளை வாங்குவதற்கு முன், எல்லா அத்தியாயங்களின் முதல் எழுத்துகளையும் எழுதிப் பாருங்கள். தமிழ்ச் சொல்லின் முதலில் புள்ளியிட்ட மெய் வராது என்பது நமக்கு வசதி. ஆனால் 'கி', 'சீ' ஆகியவை மேலே வளைந்தும், 'சு', 'பு' ஆகியவை கீழே இறங்கியும் வருவதால், எழுத்தைச் சுற்றியுள்ள சட்டகத்தின் உள்ளே மேலும் கீழும் இடம் விட்டிருக்க வேண்டும். 'கொ', 'சௌ' போன்றவை அகலமானவை என்பதால் சதுரச் சட்டகம் அவற்றை நெருக்கிவிடும். உயிர்க்குறிகளைப் பிரித்து மெய்யை மட்டும் பெரிதாக்குவதோ முற்றிலும் தவறு. எழுத்தின் உயரம் மூன்று அல்லது நான்கு வரிகள் இருந்தால் போதும்; அதன் அடிப்பகுதி அந்த வரிகளில் கடைசி வரியின் எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டில் சரியாக அமர வேண்டும்.