ராத்திரி 1 மணிக்கு மட்டும் தப்பாகும் தேதி

ராயபுரத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு கேட் பாஸ் போடும் ஒரு செயலியை நாங்கள் சிலர் பராமரிக்கிறோம். ஒருநாள் காலை டிரைவர் அண்ணன் ஒருவர் சீட்டை நீட்டினார். "தம்பி, ராத்திரி 1 மணிக்குப் போட்டது. நேத்து தேதி விழுந்திருக்குன்னு கேட்டுல திருப்பி அனுப்பிட்டாங்க." பகலில் நாங்கள் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் தேதி சரியாகவே வந்தது.

தவறு எங்கள் கிளையண்ட் கோடில், அதாவது சர்வருக்குத் தகவல் அனுப்பும் பகுதியில் இருந்தது. ஓப்பன்ஏபிஐ ஸ்பெக்கிலிருந்து (சர்வரோடு எந்த வடிவில் பேச வேண்டும் என்று சொல்லும் கோப்பு) ஒரு கருவி தானாக ஜெனரேட் செய்த டைப்ஸ்கிரிப்ட் கோட் அது. வெறும் தேதியைக்கூட ஜாவாஸ்கிரிப்டின் டேட் ஆப்ஜெக்டாக (தேதியோடு நேரமும் சேர்ந்தது) வைத்துக்கொண்டு, அனுப்பும்போது ஐஎஸ்ஓ வடிவத்துக்கு (ஆண்டு-மாதம்-நாள், பிறகு நேரம்) மாற்றி முதல் 10 எழுத்தை வெட்டி எடுக்கிறது. அந்த மாற்றம் எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் நடக்கும். நமக்கு ராத்திரி 12 அடித்தாலும் யூடிசியில் அப்போது முந்தின நாள் மாலை 6:30. காலை 5:30 வரை அங்கே நேற்றுதான். காலண்டரில் தேர்ந்தெடுத்த தேதி என்றால் இன்னும் மோசம்: அது உள்ளூர் நள்ளிரவாகப் பதிவாவதால், எந்த நேரத்தில் அனுப்பினாலும் ஒரு நாள் பின்னால் போகும்.

முதலில் நாங்கள் செய்தது, ஜெனரேட் ஆன ஃபைலுக்குள் போய் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்த முறை ஜெனரேட் செய்ததும் திருத்தம் காணாமல் போனது. ஸ்பெக்கையும் ஜெனரேட்டர் அமைப்பையும்தான் சரிசெய்ய வேண்டும். பாஸ் எந்த நாளுக்கு என்பது வெறும் தேதி. டைப் மேப்பிங்கில் (ஸ்பெக்கில் உள்ள வகை கோடில் எந்த வகையாக மாறும் என்ற அமைப்பு) அதை ஸ்ட்ரிங்காகவே, அதாவது வெறும் எழுத்துகளாகவே விட்டுவிடுங்கள். லாரி கேட்டைத் தாண்டியது ஒரு கணம். அதற்கு மட்டும் டேட்-டைம், கூடவே ஆஃப்செட், அதாவது யூடிசியிலிருந்து நம் நேர வித்தியாசமான +05:30.

அந்தக் கூட்டல் குறியிலும் ஒரு பொறி உண்டு. யூஆர்எல்லில் என்கோட் செய்யாமல் (அதற்கான குறியீடாக மாற்றாமல்) அனுப்பினால் பல சர்வர்கள் அதை இடைவெளியாகப் படித்துவிடும். அப்புறம், இந்தியாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் நாம் மறந்துவிடுவது: நெதர்லாந்தின் ரோட்டர்டாமுக்குக் கோடையில் +02:00, குளிரில் +01:00. அங்குள்ள வருங்கால நேரத்தைச் சேமிக்க ஆஃப்செட் போதாது, நேர மண்டலத்தின் பெயரும் வேண்டும்.

டெஸ்ட் ஓடும் சர்வர் பெரும்பாலும் யூடிசியில் இருக்கும். அங்கே இந்தத் தவறு கண்ணில் படவே படாது. இப்போது எங்கள் டெஸ்ட், மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று வைத்து, கடிகாரத்தை ராத்திரி 1 மணியில் நிறுத்திவிட்டுத்தான் ஓடுகிறது.